பளபளப்பா, மங்கலா

டப்பாவைத் திறந்தபோது பதினாறு ரப்பர் அடைப்புகளும் உள்ளேயே இருந்தன. போன வாரம் கழுவித் துடைத்து வைத்தபடி, ஒரு துளி பவுடர் படாமல்.

நேற்று அடித்த ரிம்களில் ஒன்றைக்கூட நான் செருகவில்லை.

கார் ரிம்முக்குச் சூளையில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் அடிக்கும் முன் நட்டு உட்காரும் ஓட்டைகளை இந்த ரப்பரால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அங்கேயும் பூச்சு தடிமனாகப் படிந்துவிடும். அதன்மேல் எவ்வளவு இறுக்கி முடுக்கினாலும், வண்டி ஓட ஓடப் பூச்சு நசுங்கும், நட்டு தளரும். அப்புறம் சக்கரம் தனியாகக் கழன்று ஓட ஒரு பள்ளம் போதும்.

பதினைந்து வருஷமாக இதே வேலை. ஒரு தடவைகூட மறந்ததில்லை.

மறக்க வைத்தவர் வாத்தியார். ரிட்டையர் ஆனவர். காரைக் கொண்டுவந்து நிறுத்தி, துருப்பிடித்த நாலு இரும்பு ரிம்முக்கும் என்ன கலர் என்று முடிவு செய்ய ஒன்பது நாள் என் உயிரை வாங்கினார். காலையில் வெள்ளி. மத்தியானம் கறுப்பு. சாயங்காலம் மனைவியோடு வந்து சாம்பல். சாம்பல் என்றால் பளபளப்பா, மங்கலா? மாதிரித் தகடுகளை வெயிலுக்குக் கொண்டுபோவார், நிழலுக்குக் கொண்டுவருவார், மனைவியின் முகத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடுங்க. இல்லன்னா வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவர் மங்கல் சாம்பலைத் தொட்டார். மனைவி பளபளப்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடுப்பிலேயே மணலடித்துத் துருவை எடுத்தேன், பவுடரை அடித்தேன், சூளைக்குள் தள்ளினேன். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது.

இன்று காலை மாட்டியதும் நான்தான். அப்போதும் கண்ணில் படவில்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். முன்னால் அவரும் மனைவியும், பின்னால் மகளும் அவளுடைய இரண்டு மாதக் குழந்தையும். இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

இப்போது மணி எட்டரை.

போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது.

மறுபடி போட்டேன். வாசலுக்கு வந்தேன், உள்ளே போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். ஆறாவது தடவை. பத்தாவது தடவை. ஓட்டுகிற மனுஷன் எடுக்க மாட்டார், சரி. பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கு என்ன வந்தது என்று அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

பதினேழாவது தடவை யாரோ வெட்டிவிட்டார்கள்.

வீல் ஸ்பேனரை பைக்கில் செருகிக்கொண்டு, ஹெல்மெட்கூடப் போடாமல் விரட்டினேன்.

தெருமுனையைத் தாண்டவில்லை. இன்னும் திறக்காத மருந்துக்கடை ஓரமாக அந்தக் கார் நின்றது. உள்ளே எல்லோரும் இருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என்னைப் பார்த்ததும் வாத்தியார் பதறி இறங்கினார். இருபத்தைந்து கிலோமீட்டர் போய்த் திரும்பியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மனசே ஆறவில்லையாம், பளபளப்புதான் வேண்டுமாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரைமணி நேரமாக இங்கேயே நிற்கிறார்கள்.

போனில் என் பெயர் வரும்போதெல்லாம், திட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று பயந்து எடுக்கவில்லையாம்.

நான் முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நட்டைத் தொட்டேன். இரண்டு விரலுக்கே சுழன்றது. அடுத்ததும் சுழன்றது.

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

அதையும் அவர் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இந்தக் கலரே நல்லாத்தான் இருக்கு. நாங்க இப்படியே கிளம்பிடுறோம்."