கோடு இல்லாத சீட்டு

“கையெழுத்துக்குக் கீழே கோடு இல்லை. பணம் தர முடியாது.”

காசாளர் அம்மா சீட்டைத் திருப்பித் தள்ளியதும் புது மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் இந்த வங்கிக் கிளைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த மனிதரை அந்த அம்மா விரட்டுவது மூன்றாவது தடவை.

வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் போல நின்றார்.

“வீட்டுக்காரி கணக்குங்க. அவளுக்கு உடம்பு முடியல, மருந்து வாங்கணும். பாஸ்புக்கும் கொண்டாந்திருக்கேன்.”

“யார் கொண்டாந்தாலும் கையெழுத்து ஒத்துப்போகணும்” என்றார் காசாளர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார்.

“கணக்கு ஆரம்பிங்கன்னு வீடு வீடாப் போய்க் கெஞ்சுறோம். அவங்க காசை அவங்களுக்கே கொடுக்க மூக்கால அழுறீங்களேம்மா! காரில வந்து இறங்குறவங்ககிட்டயும் இப்படித்தான் கோட்டைத் தேடுவீங்களா?”

“சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. இதுல ஒரு விஷயம்...”

“ஒரு விஷயமும் வேண்டாம். எழுத்து அப்படியே இருக்கு. என் பொறுப்பு. கொடுங்க.”

வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். கணக்கில் இருந்ததை மொத்தமாக வழித்துக்கொண்டு அந்த மனிதர் கும்பிட்டுப் போனார். மேனேஜருக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு.

மதியம் ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சட்டையில் நூல் ஒட்டியிருந்தது.

“அக்கா, எல்லாத்தையும் எடுத்துடலாம். வாடகை மெஷின்ல தைச்சது போதும். சொந்தமா ஒண்ணு பேசி முடிச்சிட்டேன். பாஸ்புக்குதான் வீட்டுல காணோம்.”

காசாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நீட்டிய சீட்டில் கணக்கு எண்ணைப் பார்த்த மேனேஜர்தான் முன்னால் வந்தார்.

“உடம்பு தேவலையாம்மா?”

“எனக்கென்ன சார், நல்லாத்தானே இருக்கேன்.”

“காலையில உங்க வீட்டுக்காரர் வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாரே! நீங்க போட்ட கையெழுத்துதானேம்மா?”

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் சார் போட்டேன். கையை ஓங்கிக்கிட்டு நிக்கிறவருகிட்ட மாட்டேன்னா சொல்ல முடியும்? கோடு போடாத சீட்டுக்குக் கொடுக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். அதை வெச்சுத்தானே சார் அக்கா ரெண்டு வருஷமா என் காசைக் காப்பாத்தினாங்க!”