பன்னிரண்டடிக்கு ஓரடி

“சரிவெல்லாம் உங்க இஷ்டத்துக்குப் போடாதீங்கக்கா. நான் என் மாமியாரைத் தள்ள மாட்டேன்.”

பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த மருமகள் சொன்ன இரண்டாவது வாக்கியம் இது. முதலாவது, “சக்கர நாற்காலி ஏறி இறங்க இரும்புல சாய்தளம் செய்வீங்களா?”

கணவரும் மனைவியும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. வெல்டிங் கணவருடையது. அளவு, கணக்கு, அதட்டல் மூன்றும் மனைவியுடையவை. திரிகோணமிதியைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவள் மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கோணத்துக்குப் போடும் ‘தீட்டா’ குறியை வைத்துப் பட்டறை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘தீட்டாக்கா’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கு அது தெரியும், பிடித்தும் இருந்தது.

“தள்ள முடியாதா, தள்ள மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

தீட்டாக்கா சாக்பீஸை எடுத்து இரும்புத் தகட்டின் மேல் ஒரு முக்கோணம் போட்டாள்.

“இங்க பாருங்க. உங்க வாசல் எவ்வளவு உசரம்?”

“ஒன்றரை அடி.”

“பத்து டிகிரி சாய்ச்சா ஒன்பது அடிக்குள்ள வேலை முடிஞ்சிடும். அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து எழுபத்தஞ்சு கிலோன்னு வைங்க. அதை சைன் பத்தால பெருக்கினா பதிமூணு கிலோ. நீங்க தள்ள வேண்டிய கனம் அவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணி.”

“ஒரு சொம்புத் தண்ணியா இருந்தாலும் நான் தள்ளப் போறதில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு சரிவு இருக்கு. அச்சு அசலா அதே சாய்வு வேணும். அளந்துக்கிட்டு வந்திருக்கேன். நீளம் பன்னெண்டு அடி, உசரம் ஒரு அடி.”

“நீளத்தைச் சரிவு மேல அளந்தீங்களா, தரையிலயா?”

“சரிவு மேலதான்.”

“அப்ப சைன். பன்னெண்டுல ஒண்ணு.” போனில் தட்டிப் பார்த்தாள். “நாலே முக்கால் டிகிரி. உங்க வாசலுக்குப் பதினெட்டு அடி நீளம் வரும். சாதாரணமாப் போடறதைப் போல ரெண்டு மடங்கு.”

“வரட்டும். பக்கச் சுவரை ஒட்டிப் போடுங்க.”

“அங்க இப்ப என்ன இருக்கு?”

“இந்த ஸ்கூட்டர். இனிமே தெருவுல கிடந்து காயட்டும்.”

மருமகள் போனதும் கணவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மாமியாரைத் தள்ளச் சோம்பல்பட்டு ஸ்கூட்டரைத் தெருவுல விடுறவளை இப்பத்தான் பார்க்கறேன்.”

“சரிவை சைன்ல கணக்குப் போடலாம். கொழுப்பை எதுல போடறது?” என்றாள் தீட்டாக்கா. “மூணு அடிக்கு ஒரு கால். ஒவ்வொண்ணும் முன்னதைவிட மூணு அங்குலம் குட்டை. மேல் முனையை நாலே முக்கால் டிகிரி சாய்ச்சு வெட்டுங்க.”

“ஒவ்வொரு காலா நிறுத்திப் பார்த்து வெட்டிக்கலாமே.”

“போன தடவை அப்படி வெட்டி வெட்டித்தான் ஒரு மேஜை ஸ்டூலாச்சு.”

கணவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

சாய்தளத்தைப் பொருத்தப் போன அன்று ஒரு காலைக்கூட மறுபடி வெட்ட வேண்டியிருக்கவில்லை. தீட்டாக்கா மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். இம்மி அசையவில்லை.

மாமியார் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே விழுந்ததிலிருந்து அந்த வாசலைத் தானாகத் தாண்டியதில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட ரெண்டு பேர் தூக்கித்தான் இறக்குவார்களாம். பேச்சும் இல்லை. கைகள் மடியில் கிடந்தன.

“தள்ள ஆள் போட்டிருக்கீங்களா?” என்றாள் தீட்டாக்கா, குத்தலாகவே.

மருமகள் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். “ம், இறங்குங்க அத்தை. யாரும் வர மாட்டாங்க.”

மாமியார் முறைத்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துச் சக்கரத்தில் வைத்தார். நாற்காலி மெதுவாக இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. அடியில் திரும்பி மேலே பார்த்தார்.

“ஏறுங்க. ஆஸ்பத்திரியில ஏறினீங்க இல்ல?”

ஏறினார். பாதியில் மூச்சு வாங்கியது. பட்டறைக்காரரின் கை தானாக நீண்டது.

“விடுங்கண்ணே” என்றாள் மருமகள்.

நாற்காலி உச்சிக்கு வந்து சேர்ந்தது. மாமியார் யாரையும் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி இறங்கினார். நேராக கேட்டைத் தாண்டிக் குறுகலான தெருவில் எதிர் வீட்டை நோக்கிப் போனார்.

தீட்டாக்கா எழுபத்தஞ்சு கிலோ என்று கணக்கில் போட்டாளே தவிர, அந்த எழுபத்தஞ்சு கிலோவுக்கு இரண்டு கை உண்டு என்பதைப் போடவில்லை.

இருந்தாலும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை அவளுக்கு. “எல்லாம் சரி. முதல் நாள், எதிர் வீடு வரைக்குமாவது நீங்க கூடப் போகக் கூடாதா?”

எதிர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து ஓடி வந்தாள். இருவர் தலையும் ஒட்டிக்கொண்டன. மாமியாரின் ஒரு கை இந்த வீட்டைச் சுட்டிக்காட்டி ஆடியது.

மருமகள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து தினம் சாயங்காலம் அங்க போய் என்னைப் பத்தி ஒரு பாட்டம் குறை சொல்லிட்டு வந்தாத்தான் அவங்களுக்குச் சாப்பாடு இறங்கும். விழுந்ததுலேருந்து அது நின்னுபோய் மனுஷி பாதியாயிட்டாங்க. நான் தள்ளிக்கிட்டுப் போனா, என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னைப் பத்தி எப்படிக்கா பேசுவாங்க?”