ஈரப் பொட்டு

அங்குச்சாமியின் பிக்கப்பில் மூன்றாவது கியர் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பட்டறையில் கியர் பெட்டியையே மாற்றிவிடுவார்கள் என்ற சந்தேகத்தில், கியர்பாக்ஸின் அடியில் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்துவிட்டுத்தான் வண்டியை விட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்து, மேட்டிலும் அசையாமல் நின்றது. பதினெட்டு வருஷ வண்டி இப்படி ஓடாது.

“உங்க பெட்டிதாண்ணே. வேணும்னா அடியில பாத்துக்கங்க,” என்றான் மெக்கானிக் பிரிட்டோ.

மல்லாந்து உள்ளே நுழைந்தார். அதே இடத்தில் அதே பொட்டு. தொட்டார். விரலில் ஈரமாக ஒட்டியது.

வெளியே, அதே மாடல் பிக்கப்பை எடுத்துப்போக வந்து காத்திருந்தவர் கேட்டார்: “வேலை சுத்தமா இருக்குங்களா?”

அங்குச்சாமி விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

“நம்ம பெட்டியேதான்.”