தரை தெரியணும்

"இதைக் கலங்கல்னு சொல்ல முடியாதும்மா. லேசா மங்கியிருக்கு, அவ்வளவுதான்."

குளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். அந்த வட்டாரத்து வீடுகளில் இருக்கும் நீச்சல் குளங்களையெல்லாம் பராமரிப்பவன் அவன்தான். பக்கத்தில் வந்தாலே வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எல்லாரும் அவனைக் குளோரின் என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

"எனக்குத் தரை தெரியணும் தம்பி," என்றாள் வீட்டம்மா. "சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பார்த்தா அடியில ஊசி கிடந்தாக்கூடத் தெரியணும்."

அவன் சின்னக் குழாயில் தண்ணீரை மொண்டு, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மருந்தெல்லாம் சரியான அளவில்தான் இருந்தது. காரத்தன்மை மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. சுவரைத் தடவிப் பார்த்தான்; பாசியும் இல்லை. மோட்டார் அறைக்குப் போய்த் தொட்டால், மோட்டார் சில்லென்று கிடந்தது.

"மோட்டாரே ஓடறதில்லையா? தண்ணி ஃபில்டர் வழியா போய் வந்தாத்தானேம்மா தெளியும்?"

"நான் போடுவேன். அவர் வந்து அணைச்சிடுவாரு. கேட்டா, சத்தம் காதைக் குடையுதாம். இத்தனை வருஷமா ஓடின மோட்டார் இப்பதான் குடையுதாம்."

"ஐயா நல்லாத்தானே இருக்காரு?"

அவள் படியில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்காகக் கட்டின குளம் இது. உனக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண் ஈரத் தலையோடு இதே படியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நீங்க கொட்டற மருந்துல என் முடி தேங்காய் நார் ஆயிடுச்சு. கல்யாணம் ஆகலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும்," என்று வம்பிழுப்பாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

"அவ போனதுலேர்ந்து இவர் தினம் விடிஞ்சதும் இதுல இறங்கிடறாரு. நீந்தறதில்ல. கழுத்தளவு தண்ணியில நின்னு கையால அளைஞ்சுக்கிட்டே இருக்காரு. அளைய அளைய, பாலைக் கலந்த மாதிரி ஆயிடுது. என்னமோ தனக்குத் தானே பேசறாரு. கூப்பிட்டாலும் காதுல விழறதில்ல." குரல் தாழ்ந்தது. "நேத்து முங்கினவர் எழுந்திருக்கவே இல்ல. நான் ஓடி வந்து பாக்கறேன், எந்தப் பக்கம் இருக்காருன்னே தெரியல. அப்புறம் மூலையில தலை தெரிஞ்சுது. அதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துடுச்சு. ஒருத்தியைக் கொடுத்துட்டேன். இவரையும் கொடுக்க மாட்டேன் தம்பி."

"தண்ணியையே இறக்கிட்டு மூடிடலாமேம்மா?"

"சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா என் மேல கை ஓங்கினாரு. அதனாலதான் சத்தமில்லாம உன்னைக் கூப்பிட்டேன். அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கேன். நாளைக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள தெளிஞ்சாகணும்."

அவன் வாளியில் படிகாரத்தைக் கரைத்து, குளத்தைச் சுற்றி நடந்தபடியே ஊற்றினான்.

"ராத்திரி தண்ணி அலுங்கக் கூடாது. மிதக்கறதெல்லாம் அடியில போய் உட்கார்ந்துடும். காலையில வந்து உறிஞ்சி எடுத்துடறேன்."

மறுநாள் காலையில் நீலத் தரை முழுவதும் ஒரு படலம் விரிந்திருந்தது. மண், பாசி, இலைத்தூள் எல்லாம் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இத்தனை மெல்லிசாக, இத்தனை வெளுப்பாகப் படிந்து அவன் பார்த்ததில்லை. பக்கத்தில் எங்கோ கட்டட வேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

"இதை ஃபில்டருக்குள்ள விட்டா அடைச்சுக்கும்மா. நேரா வெளியே விட்டுடலாம். குழாயை யாராவது பிடிச்சுக்கிட்டா நல்லது."

"யாராவது என்ன, நான் இல்லையா?"

அவன் உள்ளே தரையோடு தரையாக உறிஞ்சிக்கொண்டே போனான். அவள் வாசலுக்கு வெளியே, குழாயின் வாயைச் சாக்கடைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளுத்த தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அது நிறம் மாறித் தெளிந்து வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

குறைந்த தண்ணீரை நிரப்பி முடித்ததும் சமையல்கட்டுக்கு ஓடினாள். ஜன்னலிலிருந்து அவள் குரல் கேட்டது.

"தெரியுது தம்பி. ஒவ்வொரு கல்லும் தெரியுது." பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

வாசல் கதவு திறந்தது. அவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே குளத்துக்கு வந்தவர், விளிம்பில் அப்படியே நின்றார். பிறகு மண்டியிட்டு, தண்ணீரில் கைவிட்டு எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார்.

"இதுல இருந்ததெல்லாம் எங்கே?"

"உறிஞ்சி வெளியே விட்டாச்சுய்யா. சாக்கடையில. இனிமே தண்ணி..." அவர் முகத்தைப் பார்த்து அவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் ஓடி வந்தாள். "நான்தாங்க பண்ணச் சொன்னேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. நீங்களும் இதுலயே போயிடுவீங்களோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேன்."

"போறதுக்கா தினமும் இறங்கினேன்?"

அவர் திட்டவில்லை. குழாயைப் பிடித்திருந்த அவளுடைய ஈரக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் கடலுக்குப் போகலம்மா. அவ்வளவு தூரத்துல விட்டுட்டு வர மனசு வரல. பாப்பாவோட சாம்பலை இதுலதான் கரைச்சேன்."