வால்வுக் குழி

சூசையப்பனின் சிறுநீரகத்திலிருந்து நான்கு கற்களை எடுத்த டாக்டர், "இனிமே உங்க ஊர்க் குழாய்த் தண்ணிய வாயில வைக்காதீங்க, அவ்வளவு உப்பு" என்றார். அந்தத் தண்ணீரை ஐந்து தெருக்களுக்குத் திறந்துவிடுவதுதான் தன் வேலை என்று சூசையப்பன் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் அவருக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினார்கள். மனைவியும் பிள்ளைகளும் குழாய்த் தண்ணீரையே குடித்தார்கள்.

விடுப்பு முடிந்த அன்று காலையில் வால்வுக் குழிக்குள் இறங்கினார். வால்வைப் பிடித்தபடி, சுற்றாமல் நின்றார். மேலே தெருக்குழாயில் காத்திருந்த பெண்களின் குடங்கள் மோதிக்கொண்டன.

"என்னண்ணே, இன்னும் திறக்கலையா?"

"இந்தத் தண்ணி உடம்புக்கு ஆகாதும்மா. டாக்டரே சொல்லிட்டாரு."

ஒருத்தி, "அப்ப வேற தண்ணி விடுங்க" என்றாள்.

"வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"நாங்க மட்டும் எங்க போவோம்?"

எதிர்வீட்டுச் செண்பகவல்லி, கல்லூரியில் படிக்கிறவள், குழியோரம் குனிந்தாள். "மாமா, ரெண்டு மாசமா எனக்கும் இங்க வலிக்குது" என்று விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க. சீக்கிரம் திறங்க மாமா, எனக்கு பஸ் போயிரும்."

அவர் இரண்டு கைகளாலும் வால்வைச் சுற்றினார். காலடியில் குழாய் அதிர்ந்தது. மேலே முதல் குடத்தில் தண்ணீர் விழுந்தது. அது யாருடைய குடம் என்று பார்க்க அவர் ஏறி வரவில்லை.