கட்டிவைத்த பட்டன்

அழையாத விருந்தாளிபோல் தொழிற்சங்க அறையின் கடைசி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தான் மின்னல். கட்டுப்போட்ட வலது கை மடியில் கிடந்தது.

இந்த அறைக்குச் 'சோம்பேறி மடம்' என்று பெயர் வைத்தவனே அவன்தான்.

சங்கச் செயலாளரையும் அவன் விட்டுவைத்ததில்லை. கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கும் அவர், இடது கையை எப்போதும் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். "முதலாளிக்கே முதலாளி நடந்து வர்றாரு பாரு" என்று தன் கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கேன்டீனில் நடந்துகாட்டினான் ஒருநாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட ஜனம் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் இறங்கும். ஒரு பட்டனை டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். மின்னல் என்ற பட்டம் அப்படி வாங்கியதுதான்.

போன வாரம், மிச்சமான கை பிரஸ்ஸுக்கு அடியில் இருந்தது.

நாளை விசாரணை. கட்டியவன் நீ, குற்றமும் உன்னுடையது, வேலையும் கிடையாது நஷ்டஈடும் கிடையாது என்கிறது கம்பெனி. எல்லோரும்தான் கட்டினோம், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று யாராவது சாட்சி சொன்னால் தப்பிக்கலாம். சொல்பவன் தலைக்கு மேலும் கத்திதான். சங்கத்தில் சேராத ஒருவனுக்காக எவன் தலையைக் கொடுப்பான்?

"என்னடா மின்னலு, இடி உன் தலையிலயே விழுந்துடுச்சா?" என்றார் பக்கத்து மெஷின்காரர்.

செயலாளர் எழுந்தார். "நானும் கட்டித்தான் ஓட்டினேன்னு நாளைக்கு வந்து சொல்றவங்க மட்டும் கையைத் தூக்குங்கப்பா."



மின்னல் தரையைப் பார்த்தான். அவர்கள் இடத்தில் அவன் இருந்திருந்தால், இந்நேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான்.

முதலில் எழுந்தது பக்கத்து மெஷின்காரரின் கை. பிறகு ஜன்னலோரம் ஒன்று. பிறகு சுவரோரம் வரிசையாக.

எல்லோருக்கும் கடைசியாக, செயலாளர் பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து உயர்த்தினார்.

மின்னல் பார்த்தான். அவனுக்குப் போனது இரண்டு விரல். அவருக்கு மூன்று.

இந்த ஷெட்டில் தன்னை முந்த ஆளே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.