வாசல் மணி

"வாசக்கதவுக்கும் எழுதியாச்சு, சாயங்காலம் வந்து பொருத்திடறேன்" என்றார் கணவர். அவள் நிமிராமலே "சரி" என்றாள். அது போன மாதம். அன்றே நடந்த விபத்தில் அவரோடு மடிக்கணினியும் போயிற்று. வீட்டு விளக்குகளையும் வாசல் மணியையும் இயக்க அவர் எழுதிய நிரல் அதில்தான் இருந்தது. வீட்டுக் கணினியில் மிச்சம் இருப்பது, அதை இயந்திரத்துக்கு மட்டும் புரியும்படி தொகுத்து வைத்த ஒரு கோப்பு.

சாயும் வெயில் திரையின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. அவள் கட்டளையைத் தட்டுகிறாள். கோப்புக்குள் இருக்கும் பெயர்கள் மளமளவென்று இறங்குகின்றன: மாடிப்படி விளக்கு, சமையலறை விளக்கு, கூடத்து விளக்கு. ஒவ்வொன்றுக்கும் இடப்புறம் ஓர் எண்; அந்தப் பகுதி கோப்பில் எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம். பின்னால் மாமனார் சட்டைப் பொத்தானைத் திருகியபடி நடக்கிறார். கதவு திறந்திருந்தால் தெருவில் இறங்கிவிடுவார். திரும்பி வரத் தெரியாது. "அப்பா வெளிய போனா மணி அடிக்குமா, அண்ணி?" என்று கொழுந்தன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். வாசல் மணி கடைசி வரியில் இருக்கிறது. எண் இல்லை; பெயர் மட்டும்தான், அந்தப் பகுதி கோப்பில் இல்லை. "அடிக்காது. மணியை அடிக்கச் சொல்லிக் கூப்பிட்டு வச்சிருக்காரு, அடிக்கிற பகுதியை இன்னும் எழுதல." "அடுப்பே பத்த வைக்காம விருந்துக்குக் கூப்பிடற ஆளாச்சே அண்ணன்!" சிரிப்பு பாதியில் நிற்க, அவன் தன் மெத்தையை இழுத்துப்போய் வாசற்கதவை ஒட்டிப் போடுகிறான். மாமனார் அதைத் தாண்டலாமா என்று ஒரு காலைத் தூக்கிப் பார்க்கிறார். "நீங்க எழுதினா ஓடுமா, அண்ணி?" "ஓடும்." அவள் அதே கட்டளையை மறுபடி தட்டுகிறாள். பெயர்கள் இறங்குகின்றன. கடைசிப் பெயருக்கு இடப்புறம் காலியாகவே இருக்கிறது.